பழைய ஜாகுவார் எக்ஸ்எஃப்பா, கான்டெஸாவா? மதுரையில் வைத்து ஓட்ட எதை வாங்கலாம்?

திருநகர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 1986-லிருந்து மதுரையில் ஒரு மில் முதலாளி வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டில் ஒரு ஸ்டாண்டர்ட் 2000 நின்றது. வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டிதான், ஆனால் உடம்பு முழுக்க இங்கிலாந்து ரோவர். முதலாளி வெளியே போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதைக் கழுவப் போகும்போது என்னையும் சைக்கிளில் கூட்டிப் போவார். எனக்கு அப்போது ஏழு வயது. முன்சீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தால் என் முகத்துக்கு நேராக டேஷ்போர்டில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும், அதில் வாயை வைத்து ஊதிக்கொண்டே இருப்பேன். பின்சீட்டில் மட்டும் ஒரு நாளும் உட்காரவிட்டதில்லை. அப்பாவும் உட்கார்ந்ததில்லை.

இப்போது அப்பாவுக்கு 72. இன்னமும் ரோட்டில் நல்ல வண்டி போனால் நின்று பார்த்துவிட்டு "சீமைக் காரு சீமைக் காருதான்டா" என்பார். எனக்குப் பாத்திரக் கடை. தினசரி ஓட்டத்துக்கு ஒரு ஸ்விஃப்ட் இருக்கிறது. இரண்டாவது வண்டியாக ஒரு பழைய பிரிட்டிஷ் சொகுசு கார் வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மாதத்துக்கு 600, 700 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அப்பாவின் கண் செக்கப், குலதெய்வம் கோயில், எப்போதாவது சென்னை.

கையில் 10 லட்சம் வரை இருக்கிறது, கடன் வாங்க மாட்டேன். பார்த்து வைத்திருப்பவை இவை. டெல்லியிலிருந்து வரும் 2014 ஜாகுவார் எக்ஸ்எஃப் 2.2 டீசல், 62,000 ஓடியது என்கிறார்கள், 7.25 லட்சம், என்.ஓ.சி. (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற அங்கத்து ஆர்.டி.ஓ. கொடுக்கிற ஆட்சேபணை இல்லை என்ற சான்று) ரெடி என்று புரோக்கர் தினமும் போன் பண்ணுகிறார். அப்புறம் திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் 2013 எக்ஸ்எஃப், அதே 2.2, டிஎன் 57 நம்பர், 1,08,000 ஓடியது, 9.5 லட்சம் சொல்கிறார். மூன்றாவது காரைக்குடியில் 1996 கான்டெஸா, அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பெரிய கார், 3.5 லட்சம். ஸ்டாண்டர்ட் 2000 எங்கேயாவது கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்கிறேன், அது கிடைத்தால் மற்றது எதுவும் வேண்டாம்.

மனசு டெல்லி வண்டிப் பக்கம் போகிறது. கிலோமீட்டரும் கம்மி, விலையும் கம்மி, வருஷமும் புதுசு. அவசரப்படுகிறேனா?

நாலுவழிச்சாலை:

அவசரப்படுகிறீர்கள் சார். அந்த புரோக்கர் போனை ஒரு வாரம் எடுக்காதீர்கள்.

நானும் 2.2 எக்ஸ்எஃப்தான் வைத்திருக்கிறேன், ஆறு வருஷம் ஆகிறது, மதுரையில்தான் ஓடுகிறது. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 190 குதிரைத்திறன், 450 நியூட்டன் மீட்டர் இழுவை, 8 கியர் ஆட்டோமேட்டிக். மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் விட்டால் 100-ல் போவது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, பின்சீட்டில் என் அம்மா திருச்சி வரை தூங்கிக்கொண்டே வருவார். ஊருக்குள் லிட்டருக்கு 9, 10, நாலுவழியில் நிதானமாகப் போனால் 15 கொடுக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதும் கியர் குமிழ் நடுவில் தட்டையாகக் கிடந்ததிலிருந்து மெல்ல எழும்பி வரும், டேஷ்போர்டில் மூடியிருந்த ஏசி துவாரங்கள் தானாகத் திரும்பித் திறக்கும். ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

இப்போது செலவு. வாங்கும் விலையைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம், புதுசில் அரைக்கோடியை ஒட்டி விற்ற காருக்கு ஸ்பேர் விலை இன்னமும் அரைக்கோடி கார் விலையில்தான் இருக்கும், பழசாகிவிட்டது என்று லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே தாங்குகிற கை) விலை குறையாது. டயர் 245/45 ஆர்18, ஓரம் மெல்லிசு. விளாங்குடிப் பக்கம் ஒரு பள்ளத்தில் விட்டு ஒரே நாளில் இரண்டு டயர் வீங்கிப்போனது எனக்கு. வண்டி தரைக்கு ரொம்பப் பக்கம், நாலு பேர் உட்கார்ந்தால் ஊருக்குள் இருக்கிற வேகத்தடையில் குறுக்காக ஏற்றி இறக்கப் பழக வேண்டும்.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். வாங்கிய இரண்டாவது வருஷம் கியர் ஆயில் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் விட்டேன், விலை குறைவு என்று போனேன். அவர்கள் கையில் இருந்த சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றிவிட்டார்கள், அளவும் குறைவு. பத்து நாளில் மூன்றாவது கியரிலிருந்து நாலுக்குப் போகும்போது பின்னாலிருந்து யாரோ உதைப்பது போல ஒரு வெட்டு. கோவைக்கு ஏற்றிக்கொண்டு போய் ஆயிலை இரண்டு தடவை கழுவி எடுத்து, சரியான ஆயில் ஊற்றி, மூடியையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் சரியானது. மிச்சம் பிடிக்க நினைத்தது மூன்று மடங்காகப் போனது. ஆகவே கையில் 10 இருந்தால் 8-க்குள் வண்டியை முடியுங்கள், 2 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். முதல் வருஷத்திலேயே அது போகும். போகவில்லை என்றால் அடுத்த வருஷம் போகும்.

கிரீஸ் கை:

தம்பி, நான் பட்டறைக்காரன். பெரிய வண்டி, சின்ன வண்டி எல்லாம் வருகிறது, ஜாகுவார் ஏழெட்டு பார்த்திருக்கிறேன். இந்த 2.2 எஞ்சின் பயப்படுகிற அளவு விசித்திரமானது இல்லை. ஃபோர்டும் பிரெஞ்சு பெஜோ கம்பெனியும் சேர்ந்து செய்த குடும்பம், ஃப்ரீலேண்டர் 2 வண்டியிலும் இதே 2179 சிசி எஞ்சின்தான் குறுக்காகப் படுத்திருக்கும். அதனால் எஞ்சின் பக்கம் ஸ்பேர் தேடுவது ஓரளவு சுலபம். 3.0 வி6 டீசல் யாராவது மலிவாகக் கொடுத்தால் ஆசைப்படாதே. ஓட்ட அது இன்னும் சுகம், ஆனால் கிராங்க் பேரிங் போனால் எஞ்சினையே மாற்று என்கிற நிலைக்குக் கொண்டுபோய் விடும்.

பார்க்கப் போகும்போது முந்தின நாள் ராத்திரியே சொல்லிவிடு, "காலையில் நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்" என்று. போனதும் பானட்டில் கை வை. சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள். ஜில்லென்று இருக்கிற எஞ்சினை நீயே ஸ்டார்ட் பண்ணு, முதல் அரை நிமிஷம் சத்தத்தைக் கேள், சைலன்சர் பக்கம் ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்.

டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேள். இந்த எஞ்சினுக்குச் செயின் கிடையாது, பெல்ட். கிலோமீட்டர் ஓடவில்லை என்றாலும் பத்து வருஷம் ஆகிவிட்டால் ரப்பருக்கு வயதாகிவிடும். அது ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும், அப்புறம் ஹெட்டைக் கழற்றாமல் வேலை இல்லை. டெல்லி வண்டி 62,000-தான் ஓடியது என்றால் பெல்ட்டைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். நீ கம்மி கிலோமீட்டர் என்று சந்தோஷப்படுகிற இடத்தில்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கியர் பாக்ஸ் ஜெர்மன் இசட்எஃப். "ஆயுசுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சொல்கிற ஆட்கள் இருப்பார்கள், கேட்காதே. பாக்ஸ் செய்கிற கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000-க்குள் மாற்றச் சொல்கிறது. கீழே இருக்கிற தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு சேர்ந்தே வரும், தனியாக மாற்ற முடியாது. ஆயில் அளவை எஞ்சின் ஓடும்போது, ஆயில் சூடு 30 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் நடுவில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் மத்தியானம் வண்டியை நிறுத்தினால் அது ஏற்கெனவே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். நான் விடியற்காலையில்தான் இந்த வேலையை வைத்துக்கொள்வேன். மேலே தம்பிக்கு நடந்தது இதுதான், தப்பான ஆயில், தப்பான சூட்டில் பார்த்த அளவு.

பேட்டரி டிக்கியில் இருக்கும். அது கொஞ்சம் இறங்கினாலே மீட்டரில் கியர் பாக்ஸ் கோளாறு, பார்க்கிங் பிரேக் கோளாறு என்று ஏழெட்டு எச்சரிக்கை வரிசையாக வரும். விவரம் தெரியாதவர்கள் பெரிய வேலை என்று நினைத்து வண்டியையே தள்ளிவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு வண்டி வந்தால் உனக்கு லாபம், ஆனால் முதலில் நல்ல பேட்டரி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ். டிக்கியைத் திறந்ததும் கம்பளத்தைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கிற குழியில் விரலை விட்டுப் பார். ஈரமோ வண்டல் மண்ணோ இருந்தால் திரும்பி நடந்துவிடு. 2023-ல் யமுனை டெல்லி ஊருக்குள் வந்தது, தண்ணீர் குடித்த வண்டிகள் எங்கெல்லாம் போயின என்று யாருக்கும் தெரியாது. சீட் பெல்ட்டை நாலு பக்கமும் கடைசிவரை இழுத்துப் பார், உள்ளே சுருண்டிருக்கிற பகுதியை யாரும் கழுவ மாட்டார்கள்.

மீட்டரை நம்பாதே. ஸ்கேனர் போட்டால் எஞ்சின், கியர் பாக்ஸ் பெட்டிகள் சிலவற்றில் பழைய கணக்கு நின்றிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது இல்லாவிட்டாலும் பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, டிரைவர் சீட் வலது ஓரத் தோல் நைந்திருக்கிறதா பார். 62,000 ஓடிய வண்டியில் அந்த ஓரம் முறுக்காக இருக்க வேண்டும்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. காலி ரோட்டில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ஏசியை முழுசாக வைத்து, மத்தியானம் 2 மணிக்கு நெரிசலில் அரை மணி நேரம் நிறுத்தி நிறுத்தி ஓட்டு. சித்திரைத் திருவிழா சமயத்தில் கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொண்டால் இந்த வண்டி என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. சூட்டு முள் நகராமல் நிற்க வேண்டும், ஏசி சூடான காற்றுக்கு மாறக்கூடாது. திண்டுக்கல் போவதாக இருந்தால் சொல், ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், ஸ்கேனரோடு.

ஃபாரம் முப்பது:

காகிதம் பக்கம் நான் சொல்கிறேன். டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது, 2025-ல்தான் அதே நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தியது. அந்தத் தடையால்தான் அங்கே நல்ல டீசல் வண்டிகள்கூட வந்த விலைக்குப் போயின. விலை குறைவாக இருப்பதாலேயே வண்டி மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 7.25 என்பது உங்கள் கைக்கு வரும்போது 7.25 இல்லை. லாரியில் ஏற்றி வரும் கூலி இருக்கிறது, தமிழ்நாட்டுக்கு ஆயுள் வரி வயதைக் கணக்கிட்டுத் தனியாகக் கட்ட வேண்டும், டெல்லியில் முதல் ஓனர் கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது உங்கள் வேலையாக இருக்காது, அலைய முடியாது. என்.ஓ.சி. ரெடி என்று வாயால் சொன்னால் போதாது, ஃபாரம் 28 காகிதமாகக் கையில் இருக்க வேண்டும், அதில் மதுரை ஆர்.டி.ஓ. பெயர் இருக்க வேண்டும். வேறு ஊர்ப் பெயர் போட்டிருந்தால் திருத்தம் வாங்க மறுபடி டெல்லி.

எந்த வண்டியாக இருந்தாலும் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பேங்க் கடன் அடைத்தும் எச்.பி. (ஆர்.சி.யில் இருக்கிற கடன் பதிவு) கேன்சல் பண்ணாமல் விட்டவர்கள் நிறைய, பெயர் மாற்றப் போகும்போதுதான் தெரியும். பழைய அபராதமும் அங்கேயே வந்துவிடும்.

இன்னொன்று, இதை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. ஜாகுவார் 2009-ல் இந்தியாவுக்கு வந்தபோது முழுசாகக் கப்பலில் வந்த வண்டிகள். எக்ஸ்எஃப்பைப் புனேயில் பொருத்தத் தொடங்கியது 2013-ல்தான். வெளிநாட்டிலிருந்து முழுசாக வந்த கார் 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போது கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 40,000 ரூபாய். இங்கே செய்த காருக்கு 5,000. 20 வருஷம் தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து அதுவும் இரட்டிப்பு, 80,000-மும் 10,000-மும். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) காட்டிக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஆர்.சி.யில் இறக்குமதி என்று இருக்கிறதா என்று அட்வான்ஸுக்கு முன்னாலேயே பாருங்கள். 2013 டாக்டர் வண்டியை இதில் முக்கியமாகப் பார்க்க வேண்டும், அந்த வருஷத்தில் இரண்டு விதமும் ஓடிக்கொண்டிருந்தன.

செட்டிநாட்டு ஓட்டம்:

கான்டெஸாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. 22 வருஷமாக ஒன்று வைத்திருக்கிறேன், நான் பேசுகிறேன்.

கான்டெஸாவும் சீமைக் கார்தான் தம்பி. இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் விக்டர் என்று 1972-ல் வந்த வண்டியின் உடம்பு அடிக்கிற அச்சுகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, 1984-லிருந்து 2002 வரை உத்தர்பாராவில் செய்தார்கள். ஆரம்பத்தில் அம்பாசடர் எஞ்சினையே போட்டு உருட்டினார்கள், அவ்வளவு பெரிய உடம்புக்கு 1489 சிசி எஞ்சின் பாவம். பிறகு ஜப்பான் இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் எஞ்சினும் 5 கியரும் வந்தது, 88 குதிரைத்திறன், அப்போதுதான் அது கார் ஆனது. அதே எஞ்சின் அம்பாசடர் 1800-லும் வந்ததால் எஞ்சின் சாமான் இன்னும் கிடைக்கிறது, தெரிந்த கைகளும் இருக்கின்றன. காரைக்குடியில் ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்ப்பார். கிடைக்காதது முன்கண்ணாடி, விளக்குகள், கதவு பீடிங் ரப்பர், ஓரச் சட்டங்கள். ஒரு பின்விளக்குக்காக நான் எட்டு மாதம் காத்திருந்தேன்.

3.5 லட்சத்துக்கு 1996 என்றால் முதலில் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவுக்குக் கீழே ஓடுகிற படி, பின்சக்கர வளைவு, முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கிற மூலை, இந்த மூன்று இடத்திலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே தகரம் இல்லை, பட்டிதான். நல்ல டிங்கரிங் ஆள் இன்று கேட்கிற கூலியில் அந்த வேலை வண்டி விலையைத் தாண்டிவிடும். பானட்டைத் திறந்து எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பெட்ரோல் விலை ஏறின காலத்தில் டீசல் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்த வண்டிகள் நிறைய, ஆர்.சி.யில் இன்னும் பெட்ரோல் என்றே இருக்கும், எஃப்.சி.க்குப் போய் நின்றால் திரும்ப வேண்டியதுதான். இப்போது பங்க்குகளில் வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்காது, வாங்கிய அன்றே குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், பெட்ரோல் பம்ப் டயாஃபிரமும் சேர்த்து.

ஸ்டாண்டர்ட் 2000 கேட்டீர்கள். எனக்கும் அந்த வண்டி மேல் பிரியம் உண்டு. ரோவர் எஸ்டி1 என்று 1976-ல் வந்து அடுத்த வருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. இங்கிலாந்தில் அதற்கு 3.5 லிட்டர் வி8 கூட உண்டு. நம்ம ஊரில் 1985-ல் வந்தபோது உள்ளே வைத்தது ஸ்டாண்டர்ட் கம்பெனியின் பழைய வான்கார்டு கார் எஞ்சினின் வழிவந்த 1991 சிசி. அழகான உடம்பு, எண்ணெய் குடிக்கும், இழுக்காது. 1988-ல் நிறுத்திவிட்டார்கள், கம்பெனியும் அதோடு படுத்தது. நீங்கள் வாயை வைத்து ஊதிய அந்தத் துவாரம் ஏன் இடதுபக்கம் நேராகப் பார்த்தது தெரியுமா? இடதுபக்கம் ஸ்டீயரிங் வைக்கிற நாடுகளுக்கும் அதே டேஷ்போர்டைக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டை விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஸ்டீயரிங் தண்டு போகும், மறுபக்கம் காற்று வரும். நீங்கள் உட்கார்ந்து ஊதியது வேறு நாட்டு டிரைவரின் இடம்.

ஓடுகிற ஸ்டாண்டர்ட் 2000 கிடைத்தாலும் 72 வயது மனிதரை உட்கார வைத்துச் சென்னைக்குப் போகிற வண்டி அது இல்லை. கான்டெஸாவும் அப்படித்தான், உண்மையைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையார்பட்டி போய்வர அருமையாக இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று ஸ்விஃப்ட்டைத்தான் எடுப்பீர்கள். நீங்கள் அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைக்க வாங்குகிறீர்கள் என்றால் டாக்டர் வண்டியைப் பாருங்கள். காரைக்குடி வண்டி யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, படியில் பட்டி இருக்கிறது, அதற்கு மேல் பொதுவில் சொல்ல விரும்பவில்லை.

நாலுவழிச்சாலை:

ஐயா, அந்த டேஷ்போர்டு விஷயம் இன்றுதான் தெரிந்தது, நன்றி. ஒரு சின்ன சேர்க்கை. டாக்டரிடம் பில் கேட்கும்போது மொத்தக் கட்டையும் வாங்கிப் பாருங்கள், ஒவ்வொரு பில்லிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அதை வரிசையாக அடுக்கினால் வண்டியின் வாழ்க்கையே தெரிந்துவிடும். நடுவில் இரண்டு வருஷம் பில் இல்லை என்றால் அந்த இரண்டு வருஷம் எங்கே நின்றது என்று கேளுங்கள். சும்மா நின்ற வண்டி ஓடின வண்டியைவிட மோசம்.

திருநகர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது. டெல்லி புரோக்கரிடம் ஃபாரம் 28-ஐ போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், நாலு நாளாக அவர்தான் இப்போது என் போனை எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு நானும் அப்பாவும் பட்டறை அண்ணனும் ஸ்விஃப்ட்டில் கிளம்பி ஆறேகாலுக்கு திண்டுக்கல் போய்விட்டோம். டாக்டர் ஐயா லுங்கியோடு வாசலில் நின்றார். அண்ணன் வணக்கம் சொன்ன கையோடு பானட்டில் கை வைத்தார், ஜில்லென்று இருந்தது. அடர் நீல வண்டி, முன் பம்பரில் ஒரு கீறல், மற்றபடி வீட்டுக்குள்ளேயே நின்ற வண்டி என்று பார்த்ததும் தெரிகிறது. ஆர்.சி.யில் இந்தியாவில் செய்தது என்றே இருக்கிறது.

பில் கட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது, 31 பில். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கினார், எங்கேயும் இடைவெளி இல்லை. 92,000-த்தில் கியர் ஆயிலும் தட்டும் மாற்றியிருக்கிறது. டைமிங் பெல்ட் பில் மட்டும் இல்லை, டாக்டர் "மாற்றவில்லை, யாரும் சொல்லவில்லை" என்று நேராகவே சொல்லிவிட்டார். ஸ்கேனரில் கிலோமீட்டர் கணக்கு ஒத்துப்போனது. இடது முன் லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறது, பேட்டரி இறங்கியிருக்கிறது, டயர் ஓரத்தில் இருக்கிற நாலு இலக்க எண்படி டயர்கள் 2018-ல் செய்தவை, ஆகவே நாலும் மாற்ற வேண்டும்.

அப்பா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார், துண்டால் கண்ணாடியில் இருந்த பனியை மட்டும் துடைத்தார். ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது பின்கதவைத் திறந்துவிட்டேன். உட்காரவில்லை. "முன்னாடி இருக்கேன்டா, ஓட்டம் தெரியணும்" என்று இடது பக்கம் ஏறிக்கொண்டார். பட்டனை அமுக்கினேன். குமிழ் எழும்பியது, அவருக்கு எதிரே இருந்த துவாரம் மெதுவாகத் திரும்பித் திறந்தது. அப்பா அதன் மேல் விரலை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ எச்சில் பண்ணி வைப்ப, நான்தான் தொடைப்பேன்" என்றார். அவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சின்னாளபட்டி வரை போய்த் திரும்பினோம், பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் அண்ணன் சொன்னபடி அரை மணி நேரம் ஏசியோடு நின்றோம், முள் நகரவில்லை. பெல்ட், புஷ், பேட்டரி, டயர் எல்லாவற்றுக்கும் அண்ணன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு டாக்டரிடம் கொடுத்தார், அவர் அதைப் படித்துவிட்டு 8.4 என்றார். 8.25-க்கு முடிந்தது. 25,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன், புதன்கிழமை பெயர் மாற்ற ஃபாரம் 29, 30 கையெழுத்து.

வரும் வழியில் கொடைரோட்டில் டீ குடிக்கும்போது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான், ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது என்று. வீட்டுக்கு முன்னால் இருக்கிற முருங்கை மரத்தை வெட்டிவிட்டு ஷீட் போட வேண்டும் என்கிறார். அம்மா மரத்தை வெட்டக்கூடாது என்கிறார். அது தனிப் பஞ்சாயத்தாகப் போய்க்கொண்டிருக்கிறது.

கிரீஸ் கை:

தம்பி, மரத்தை வெட்டாதே, நிழலுக்கு அது நல்லது, ஷீட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடு, பிசின் மட்டும் பெயிண்டில் விழக்கூடாது. பெல்ட் கிட் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை வந்துவிடும், வாட்டர் பம்ப்பும் அதோடு சேர்த்து மாற்றிவிடலாம், இரண்டு தடவை பிரிக்க வேண்டாம். பெயர் மாறியதும் கோயில், குளம் என்று எங்கேயும் ஓட்டாமல் நேராகப் பட்டறைக்குக் கொண்டு வா, வாடிப்பட்டி தாண்டி நிதானமாக 80-க்குள் வா. அப்பாவையும் கூட்டி வா, பெல்ட் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அவர் கேட்ட கேள்வி ஒன்றுக்கு நான் அன்றைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.